வெள்ளியைத் தவிர

அவருக்கு மூன்று பெயர்கள் இருந்தன. அடகுக் கடைகளில் ஒன்று, சர்ச்சுகளில் ஒன்று, ஆதார் அட்டையில் ஒன்று. ஆதார் அட்டையை என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார். "அப்போ இதுதான் நெசப் பேரா நைனா?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்ல குந்திகினு இருந்த பொண்ணு தப்பா அடிச்சிட்ச்சிம்மே. பாவம், புதுசா கண்ணாலம் ஆன பொண்ணு, நெனப்பு வேற எங்கியோ" என்றார். ஆகவே இங்கே பெயர் வேண்டாம். நான் கடைசிவரை நைனா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை ஜெராக்ஸம்மா என்றார்.

துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று புகைவிடும் ரோட்டுக்குப் பின்னால், ராயபுரத்துத் தெரு ஒன்றில் என் ஜெராக்ஸ் கடை. விம்கோ நகரிலிருந்து தினமும் வந்து திறப்பேன். பக்கத்தில், பலகை அடித்துத் தடுத்த அரைக் கடை அவருடையது. வெளியே ஒரு தகரப் பலகை தொங்கும்: 'பழைய வெள்ளி பார்க்கப்படும்.' வாங்கப்படும் என்றும் கிடையாது, விற்கப்படும் என்றும் கிடையாது. பார்க்கப்படும், அவ்வளவுதான்.

அவர் பொய் சொல்வார். சிலர் உயரம், சிலர் கறுப்பு என்பதுபோல அவர் பொய்க்காரர். ரங்கூனில் பிறந்தேன் என்றார். இன்னொரு நாள் ரங்கூனிலிருந்து வந்த கப்பலில் பிறந்தேன் என்றார். கப்பல் கேப்டன் தன் தொப்பியில் தன்னைப் படுக்கவைத்தார் என்றும் சேர்த்துக்கொண்டார். மனைவி அந்தமானில் டீச்சர். மறுவாரம் அவளே நர்ஸ். காலையில் என் கண்ணெதிரே இரண்டு இட்லி தின்று கையைக் கழுவுவார், பத்து நிமிஷம் கழித்து டீக்கடையில், "ஆப்பம், பாயா. இன்னிக்கி ரொம்ப வெயிட்டாப் பூடுச்சி" என்று வயிற்றைத் தடவுவார். இந்தப் பொய்களால் அவருக்கு ஒரு டீகூட லாபம் வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ யாருக்கும் கோபம் வரவில்லை.

வெள்ளியில் மட்டும் பொய் சொல்ல மாட்டார்.

இதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், அவருடைய குரலை வைத்துத்தான். பொய் சொல்லும்போது இரண்டு கையும் ஆடும், வாக்கியம் நீண்டுகொண்டே போகும், நடுவில் ஒரு யானையோ கவர்னரோ வந்துவிடுவார்கள். வெள்ளியைக் கையில் எடுத்தால் ஒரே வார்த்தை. "அசலு." அல்லது "டூப்பு." பொருளைப் பார்ப்பதற்கு முன்பே கூலியை வாங்கிவிடுவார். பார்த்தபின் யாரும் கொடுப்பதில்லை.

பழைய இங்கிலீஷ் வெள்ளிச் சாமான்களின் அடியில், கடுகு அளவில், நாலைந்து முத்திரைகள் வரிசையாக அடித்திருக்கும். நடந்துபோகும் சிங்கம் இருந்தால் வெள்ளி சுத்தம். பக்கத்தில் எந்த ஊரில் சோதித்தார்கள் என்பதற்கு ஒரு சின்னம், எந்த வருஷம் என்பதற்கு ஓர் எழுத்து, செய்தவன் யார் என்பதற்கு இரண்டு எழுத்து. நூறு வருஷம் புளி போட்டுத் தேய்த்த பாத்திரத்தில் இதெல்லாம் எங்கே மிஞ்சும்? ஒரு மழுக்கல் இருக்கும், நகம் பட்டால் தெரியும் அளவுக்கு. அந்த மழுக்கலை அவர் படிப்பார். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார். வாயால் ஊதுவார். கட்டைவிரல் நுனியால் தடவுவார். அப்படியும் பிடிபடாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து, என்னிடம் கொண்டுவந்து பெரிதாக ஜெராக்ஸ் எடுக்கச் சொல்வார்.

"இதுல இன்னா தெரியுது நைனா? எனக்கு எறும்பு செத்துக் கெடக்குற மாரிதான் கீது."

"அது சிங்கத்தோட வாலு. மொதல்ல மூஞ்சி தேயும். அப்பால காலு. வாலு மட்டும் கடசி வரைக்கும் நிக்கும்."

எப்படிக் கற்றார் என்று கேட்டால் லண்டன், ராணியின் கருவூலம் என்று ஆரம்பிப்பார். உண்மையில், இளவயதில் பாரிமுனைப் பக்கம் ஒரு ஏலக் கடையில் பாத்திரம் துலக்கும் வேலை பார்த்தார். இதை அவர் சொல்லவில்லை. துலக்கும் பொடி ஏறிக் கறுத்துப்போன அவருடைய நகக்கண்கள் சொல்லும்.

காசிமேட்டுப் படகு முதலாளி ஒருவர் ஒரு மூக்குப்பொடி டப்பி கொண்டுவந்தார். அதன் அடியில் குட்டியாக ஒரு நங்கூரம். கப்பலிலிருந்து இறங்கிய டப்பி என்று மூன்று தலைமுறையாக வீட்டில் பேச்சு. நைனா பார்த்துவிட்டு, "அசலு" என்றார்.

"கப்பல்லேர்ந்து வந்ததுதான?"

"நங்கூரம்னா பர்மிங்காம் முத்திரை. அந்த ஊர்ல கடலே கெடையாது."

"கடல் இல்லாத ஊருக்கு நங்கூரம் இன்னாத்துக்கு?"

"அது அவன் இஷ்டம்."

முதலாளி, வெள்ளி அசல் என்று கேட்ட சந்தோஷத்தைவிட, கப்பல் போன துக்கத்தோடுதான் படியிறங்கினார். அவர் தலை மறைந்ததும் நைனா என் பக்கம் திரும்பி, பர்மிங்காமில் ஒரு ஏரியில் தான் நீந்தியதையும், கரையில் ஒரு துரைசாணி கைதட்டியதையும் சொல்ல ஆரம்பித்தார். கை இரண்டும் ஆடின.

அவருடைய அரைக் கடைக்குச் சொந்தக்காரர் ஒரு அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, கப்பல் சாமான், பழைய மரச்சாமான், கடிகாரம் எல்லாம் வாங்கி விற்கும் குடும்பம். ஒருநாள் ஒரு டீ கெட்டிலைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பெரிய கெட்டில், காலில் சிங்க நகம், மூக்கில் கொடி வேலைப்பாடு. அடியில் நாலு முத்திரை, தேய்ந்திருந்தாலும் சிங்கம் தெளிவாகவே நடந்தது. கடற்கரை ரோட்டில் திறக்கப்போகும் ஒரு ஹோட்டல்காரர் வாங்கக் காத்திருப்பதாகச் சொன்னார்.

நைனா கெட்டிலைக் கவிழ்த்து, அடியில் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பனி படர்ந்தது. அது கலையும்போது, முத்திரைகளைச் சுற்றி, தீப்பெட்டிக் குச்சி அளவுக்கு ஒரு நீளக் கட்டம் மெல்லிய கோடாகத் தெரிந்து மறைந்தது. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏதோ கரண்டில இருந்த முத்திரய வெட்டி எடுத்து இங்க பத்தவெச்சிகீறாங்க. முத்திரை கெயவனா கீது, கெட்டிலு கொயந்தையா கீது. நகம் பாரு, இன்னும் குத்துது. டூப்பு."

அண்ணாச்சி சிரித்தார். "எனக்குத் தெரியாமலா ஓய் உம்மகிட்ட கொண்டுவந்தேன்? ஒரு தாள்ல அசல்னு எழுதிக் கையெழுத்துப் போடும். நீரு சொன்னா ஊரு நம்புது. அதுக்குத்தான கேக்கேன்."

"அத்த மட்டும் கேக்காதீங்க."

"ரங்கூன்ல பொறந்தேம்னு சொல்லுதீரு, கவர்னர் வீட்ல சாப்பிட்டேம்னு சொல்லுதீரு. இதுல ஒரு வரி கூடச் சொன்னா நாக்கு அழுகிருமோ?"

நைனா கெட்டிலைப் பட்டுத்துணியில் திரும்பச் சுற்றி, முடிச்சுப் போட்டு, அவர் மடியில் வைத்தார். அடுத்த வாரமே கடையைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. காலி செய்ய ஒரு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ஸ்டூல், தகரப் பலகை. ஒரே நடையில் எடுத்துக்கொண்டு என் கடை பெஞ்சுக்கு வந்துவிட்டார்.

"தெனமும் நூறு பொய் சொல்றீங்க. இந்த ஒண்ணச் சொல்லியிருந்தா கடை மிஞ்சியிருக்குமே" என்றேன்.

"அதெல்லாம் என் பொய்யி. இது அண்ணாச்சியோட பொய்யி" என்றார்.

கெட்டில் வேறு யாருடைய கையெழுத்தோடோ விற்றுப்போனது. அந்த ஹோட்டலின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், தனி விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறது என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். நைனாவுக்கும் சொன்னார்கள். "சோக்காத்தான் இருக்கும்" என்றார். அது பொய்யா உண்மையா என்று எனக்கு விளங்கவில்லை.

என்னையும் ஒருமுறை வெள்ளியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டார். என் மாமியாரிடம் ஒரு பன்னீர்ச் செம்பு இருந்தது. அவருடைய அப்பாவுக்கு எண்ணூரில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொடுத்த 'லண்டன் வெள்ளி'. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் செம்பு என் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. என் பிறந்த வீட்டுச் சீரைப் பற்றிப் பேச்சு வந்தால் செம்பு வெளியே வரும். உறவினர் வந்தால் செம்பு வெளியே வரும். மாமியார் திருப்பதிக்குப் போயிருந்த வாரத்தில் அதைப் பையில் போட்டு எடுத்துவந்து நைனாவிடம் நீட்டினேன்.

டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தார். ஊதினார். பிறகு செம்பை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இது இன்னாவா இருக்கணும்னு கேக்குற?"

"இன்னாவா கீதோ அத்தச் சொல்லுங்க."

"இன்னிக்கி கண்ணு செரியில்லம்மே. ஒரே மங்கலா கீது. மூலக்கொத்தளத்துல ஒரு டாக்டரு சொட்டு மருந்து வுட்டாரு, அதுலேர்ந்து எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது. அந்த டாக்டரும் ரெண்டா தெரிஞ்சாரு, எவனுக்குத் துட்டு குடுக்கறதுன்னே தெரியல" என்று கையை ஆட்டினார்.

கை ஆடியதால் எனக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் கண்ணாடிகூட இல்லாமல் ஒரு ஊசி அளவு முத்திரையைப் படித்தார். செம்பு டூப்பு, என் மனம் நோகக்கூடாது என்று மறைக்கிறார், என்று நான் எடுத்துக்கொண்டேன். எனக்கா நோகும்? அன்றிலிருந்து மாமியார் செம்பை வெளியே எடுக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு காபி கலந்தேன். ஏழு வருஷம் அந்தச் சிரிப்பு எனக்கு உதவியது. மாமியார் காலமான பிறகு, என் பெண் கல்யாணத்துக்காகச் செம்பை மாற்றலாம் என்று ஒரு வெள்ளிக் கடைக்குக் கொண்டுபோனோம். அங்கே மெஷினில் வைத்தார்கள். கடைக்காரர் எழுந்து நின்று, "இதை மாத்தாதீங்கம்மா, இந்த மாதிரி வெள்ளி இப்ப வராது" என்றார். என் கணவர் அழுதார். நானும் அழுதேன், ஆனால் வேறு காரணத்துக்காக. நைனா மறைத்தது டூப்பை அல்ல, அசலைத்தான். அது டூப்பாக இருக்கவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டு நின்றதை முகத்தில் படித்திருக்கிறார்.

இதற்கெல்லாம் நடுவில்தான் அந்தக் கோப்பை வந்தது.

ஒரு சித்திரை மதியம், கடை வாசலில் ஆட்டோ நின்றது. வேட்டி கட்டிய ஒருவர், ஐம்பது வயது இருக்கும், மஞ்சள் துணி சுற்றிய ஒரு பொருளைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு இறங்கினார். கூடவே அவருடைய மகள், கல்லூரிப் பையோடு. நைனா பெஞ்சில் தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் தாளை மடிக்கவும் மறந்து உட்கார்ந்துவிட்டார்.

"சித்தப்பா" என்றார் வந்தவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பாவா? ரங்கூனில் பிறந்தவருக்கு ஆட்டோவில் வரும் தூரத்தில் ஓர் அண்ணன் மகன்.

அன்று பிற்பகல் கேட்டவற்றை நான் ஒட்டவைத்துச் சொல்கிறேன். நைனா, காசிமேட்டை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்துக்காரர். என் கடையிலிருந்து நடந்தால் இருபது நிமிஷம். அந்தக் குப்பத்தில் ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. அவருடைய தாத்தா காலத்தில், பெரும் புயலில் கவிழ்ந்த ஒரு கப்பலிலிருந்து பதினோரு பேரைக் குப்பத்து ஆட்கள் கட்டுமரத்தில் போய்க் கரைசேர்த்தார்கள். அதற்காக ஒரு துரை கொடுத்த கோப்பை. வருஷா வருஷம் அம்மன் திருவிழாவில் அதில்தான் தீர்த்தம் எடுப்பார்கள். ஏலக் கடையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், திருவிழாவன்று, நைனா கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டு, கூட்டத்தின் நடுவில், "இது வெள்ளி இல்ல, முலாம்" என்று சொல்லிவிட்டார். அண்ணன் எல்லார் முன்னாலும் அடித்தார். குப்பம் பேச்சை நிறுத்தியது. அன்று வெளியே வந்தவர் நாற்பது வருஷமாகப் போகவில்லை.

அந்த அண்ணனின் மகன்தான் இப்போது குப்பத்துத் தலைவர்.

"அப்பா போன வருசம் பூட்டாரு" என்றார் தலைவர்.

"தெரியும். எடுக்கும்போது ரோட்டாண்ட நின்னுகினு இருந்தேன்."

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. புழலில் ஒரு தோஸ்து வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து ஐஸ்கிரீம்வரை வர்ணித்தார்.

தலைவர் விஷயத்துக்கு வந்தார். குப்பத்தில் புதிதாகச் சமுதாயக் கூடம் கட்டியிருக்கிறார்கள். கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவேண்டும். ஆனால் துறைமுகத்தில் வலை காயவைக்கும் தகராறில் பக்கத்துக் குப்பத்துக்காரன், "உங்க கப்பே ஈயம்தான்டா" என்று சொல்லிவிட்டான். நாற்பது வருஷத்துக்கு முந்தைய பேச்சு அவர்கள் வரைக்கும் போயிருக்கிறது. ஒரு சர்டிபிகேட் மாட்டினால்தான் வாயை அடைக்கலாம்.

"மெஷின்ல வெச்சா அது பாட்டுக்குத் துப்பிடும் சித்தப்பா. மெஷினு வெளியாளு. நீங்க நம்ம ஆளு. ராயபுரம் பூரா உங்க வாய்க்கு மருவாத கீதாம். அசலுன்னு ஒரு வரி எயுதிக் குடுங்க. அப்பா ரூமு காலியாத்தான் கீது. திருவியாவுக்கு முன்னால வூட்டுக்கு வந்துடுங்க."

வீட்டுக்கு வந்துடுங்க என்று சொன்னபோது தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அது நடிப்பு இல்லை.

நைனா மஞ்சள் துணியை அவிழ்த்தார். ஒரு சாண் உயரக் கோப்பை. இரண்டு காதும் விளிம்பும் மஞ்சளாகப் பல்லிளித்தன. அவர் டார்ச்சை எடுக்கவில்லை. கவிழ்த்து, அடியில் கட்டைவிரலை வைத்தார். ரோட்டில் ஒரு கண்டெய்னர் லாரி போய் முடிகிறவரை விரலை எடுக்கவில்லை. நான் மனதுக்குள், சொல்லித் தொலையேன் நைனா, ஒரே ஒரு வார்த்தைதானே, என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"நாலு பொட்டிக்குள்ள நாலு இங்கிலீஷ் எயுத்து. தூரத்துலேர்ந்து பாத்தா அசல் முத்திரை மாரி இருக்கட்டும்னு அடிக்கறது. சிங்கம் இல்ல. முலாம்."

தலைவர் எழுந்துவிட்டார். "நாப்பது வருசம் ஆயும் உங்க வாயி மாறல. அப்பா அடிச்சது தப்பே இல்ல."

"குந்து. இன்னும் பாத்து முடிக்கல. வயித்துல எயுத்து கீது."

கோப்பையின் வயிற்றில் ஏதோ பொறித்திருந்தது. நூறு வருஷத் தீர்த்தமும் சாம்பலும் தேய்த்து, வெறும் கண்ணுக்கு மீன் செதில் போலத்தான் தெரிந்தது. நைனா தாளைச் சுற்றி, பென்சிலை மெதுவாகத் தேய்த்து, என்னிடம் நீட்டினார். "நல்லாப் பெருசா எடு ஜெராக்ஸம்மா."

மெஷினிலிருந்து தாள் வெளியே வந்தபோது முதலில் பார்த்தது நான்தான். பூவேலைக்கு நடுவில் இங்கிலீஷ் எழுத்துகள் உடைந்து உடைந்து, ஆனால் படிக்கும்படி இருந்தன. காய்கறிக் கண்காட்சி. முட்டைக்கோசு. இரண்டாம் பரிசு. கீழே யாரோ ஒரு துரையின் பாதிப் பெயர்.

நான் நைனாவைப் பார்த்தேன். அவர் தாளை வாங்கி, முகத்துக்கு நேராக, மற்றவர்களுக்கு முதுகுப் பக்கம் தெரியும்படி பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"பேய்க் காத்துல... கவுந்த கப்பல்லேர்ந்து... பதினோரு உசுர... கட்டுமரத்துல போயி மீட்டுக் குடுத்த... இந்தக் குப்பத்து ஜனங்களுக்கு... அந்தப் பதினோரு பேரோட பொண்டாட்டி புள்ளைங்க... கை கூப்பிக் குடுத்தது."

நான் கேட்ட அவருடைய பொய்களிலேயே கை ஆடாமல் சொன்னது அது ஒன்றுதான். யானையும் வரவில்லை, கவர்னரும் வரவில்லை.

தலைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துண்டை விலக்கி, "பொண்டாட்டி புள்ளைங்களா குடுத்தாங்க? துரை குடுத்தான்னுதான் சொல்லிகினு இருந்தோம்" என்றார்.

"துரை கைல குடுத்து அனுப்பிகீறாங்க" என்றார் நைனா.

அவர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் அடித்தேன். முதல் வரி: 'இது வெள்ளி அல்ல, வெள்ளி முலாம்.' அந்த வரி வேண்டாம் என்று தலைவர் எவ்வளவோ மன்றாடினார். அது இல்லாவிட்டால் கையெழுத்தே கிடையாது என்றார் நைனா. இரண்டாவது வரியிலிருந்து அந்தப் பதினோரு உயிரும், கை கூப்பிய பெண்டு பிள்ளைகளும். லேமினேட் செய்து கொடுத்தேன். பெரிதாக எடுத்த தாளை அவர்கள் கேட்கவில்லை. நான் பில் புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிட்டேன். மகள் மட்டும் படியிறங்கும்போது ஒருமுறை திரும்பி அந்தப் பக்கம் பார்த்தாள்.

ஆட்டோ போனதும் கேட்டேன். "நைனா, முட்டைக்கோசு..."

"மெதுவாப் பேசு."

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"அன்னிக்கி திருவியாலயே படிச்சேன். முலாம்னு மட்டும்தான் வாய வுட்டேன். அதுக்கே அந்த அடி." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "காப்பாத்துனது மெய்யாலுமே நடந்துது. அந்தத் துரை வூட்ல கெடந்தத எடுத்துக் குடுத்துட்டான். அவன் எயுதாம வுட்டத நான் எயுதினேன்."

"நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? அதுவும் கதையா இருந்தா?"

"நான் பாத்தேனே. நானும் ஒரு கட்டுமரத்துல இருந்தேன். அல ஒண்ணொண்ணும் மூணு மாடி..." கை இரண்டும் மேலே எழுந்தன. அந்தப் புயல் அவர் பிறப்பதற்கு முப்பது வருஷம் முந்தியது.

குப்பத்தில் நடந்ததைத் தலைவரே பிறகு வந்து சொன்னார். முதல் வரியைப் படித்ததும் கூட்டம் கொதித்ததாம். அப்போது ஒரு கிழவி, "சொந்தக் குப்பத்துக் கப்பையே முலாம்னு சொன்ன வாயி, எயுத்துல மட்டும் பொய் சொல்லுமா?" என்று கேட்டாராம். அதோடு அடங்கிவிட்டது. பக்கத்துக் குப்பத்துக்காரர்களும் வந்து படித்துவிட்டுப் பேசாமல் போனார்களாம். ஈயமோ முலாமோ, பதினோரு உயிர் பதினோரு உயிர்தானே. அடுத்த வருஷம் அந்த வாசகத்தைக் கருங்கல்லில் வெட்டிக் கூடத்தின் வாசலில் பதித்தார்கள். வெள்ளி முலாம் என்ற வரி கல்லில் இல்லை. இடம் போதவில்லையாம்.

நைனா அந்தத் திருவிழாவுக்கே வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது தகரப் பலகையை எனக்கே கொடுத்தார், கழுவித் துடைத்து. அண்ணன் அறையில் மூன்று வருஷம் இருந்தார். வாரம் ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போவார். குப்பத்துப் பிள்ளைகள் ரங்கூன் கதையைக் கேட்டு, ரங்கூன் எந்தப் பஸ்ஸில் போகவேண்டும் என்று அவரை நச்சரிப்பதாகச் சொன்னார். நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப்போனேன். "ஒண்ணுமில்ல, நர்சம்மா நம்மள வுட மாட்டேன்றா, என் பேச்சு புடிச்சிப் பூடுச்சி" என்றார். இரண்டு நாளில் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் தலைவரின் மகள் தனியாகக் கடைக்கு வந்தாள். ஸ்கூலில் டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் போட, சர்டிபிகேட்டுகளை ஜெராக்ஸ் எடுக்கவேண்டும். எடுத்து முடித்தேன். பின் போட்டேன். அவள் கிளம்பவில்லை.

"ஆண்ட்டி, அந்தத் தாள் இன்னும் வெச்சிருக்கீங்களா?"

"எந்தத் தாள்?"

"முட்டைக்கோசு."

என் கையிலிருந்த ஸ்டேப்ளர் கீழே விழுந்தது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"நான் பிளஸ் டூ படிக்கறப்பவே போன் டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் படிச்சிட்டேன் ஆண்ட்டி. யார்கிட்டயும் சொல்லல. சின்னத் தாத்தா வீட்டுக்கு வந்த அப்புறம் அவர்கிட்ட மட்டும் கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"உனக்கு இங்கிலீஷ் சரியா வரலம்மான்னாரு. நான் அப்போ எம்.ஏ. இங்கிலீஷ் ரெண்டாவது வருஷம்."

பழைய பில் புத்தகங்களைக் கிளறி, தாளை எடுத்துக் கொடுத்தேன். ஓரம் மஞ்சளாகியிருந்தது. அவள் வெளிச்சத்தில் பிடித்து, அவரைப்போலவே ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். வாசித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பதினோரு பேரு ஆண்ட்டி" என்றாள். "முதல் பரிசுக் கப்பையாவது குடுத்திருக்கலாம்ல அந்த ஆளு."